ஒட்டகப் பாலும் உயர்ந்த ரத்தமும்

ஜுபா ஆற்றங்கரையில் சோளம் விதைத்துப் பிழைக்கும், முன்னோர் ஒரு காலத்தில் அடிமைகளாயிருந்த குடியில் பிறந்தவள் மதீனோ. ஒட்டகம் மேய்க்கும் குலேதைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே, உறவினர் முன்னால் ஒரு மரக்கிண்ணம் நிறைய ஒட்டகப் பாலை மூச்சுவிடாமல் குடிக்கச் சொன்னார்கள். குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வயிறு பொருமி முட்புதருக்கு ஓடினாள்.

“பாத்தீங்களா? அடிமை ரத்தம். பால் ஏத்துக்கல,” என்றாள் மாமியார் எப்லா. அன்றிலிருந்து மதீனோவுக்குத் தனிக் கிண்ணம், தனி மூலை.

பாலுக்கு ரத்தம் தெரியாது. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் வளர்ந்த மனிதர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அந்த மேய்ப்பர்களிலும் பலருக்கு அது இல்லை. தினமும் குடித்துப் பழகியவர்களின் பெருங்குடலில் அந்தச் சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை அதைச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்ற, குடல் அவற்றையே உணவாக்கிக்கொள்கிறது. பால் நின்றுபோனால் அந்த நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். எப்லாவின் குலம் மார்தட்டிக்கொண்டது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூலிகளின் உழைப்பை.

மதீனோவுக்கு இதெல்லாம் தெரியாது. பால் கறக்கும்போது தினம் ஒரு மடக்கு, பிறகு இரண்டு என்று குடித்து வயிற்றைப் பழக்கினாள். ஒரு நாள் முழுக் கிண்ணத்தையும் குடித்துக் காட்டியபோது, “பால் திருடி” என்ற பெயர்தான் கிடைத்தது.

வறட்சி வந்தது. ஒட்டகங்கள் செத்தன. நிவாரண முகாமில் மக்காச்சோளக் கஞ்சியிலேயே காலம் ஓடியது. மழை பெய்து, உறவுக்காரர் ஒருவர் பால் ஒட்டகங்கள் சில கொடுத்ததும் எப்லா குலப் பெரியவர்களைக் கூட்டினாள்.

“எல்லாரும் குடிப்போம், இவளும் குடிக்கட்டும். வயிறு போச்சுன்னா இன்னிக்கே தலாக் சொல்லிடுடா.”

குலேத் தலையைக் குனிந்துகொண்டான். கோழை.

மதீனோ ஒரு மடக்கு மட்டும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நாளாச்சுல்ல அத்தை, வயிறு மறந்திருக்கும். நாளைக்கு ரெண்டு மடக்கு குடிக்கிறேன்.”

“மறக்கிறது உங்க ஆத்தங்கரை வயிறுடி. எங்க ரத்தம் மறக்காது!”

மற்றவர்கள் கிண்ணங்களைக் காலி செய்தார்கள். தீர்ப்புச் சொல்ல எழுந்த பெரியவர் வர்சமே பாதிப் பேச்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் எப்லா. முட்புதர்கள் போதவில்லை.

திரும்பி வந்த எப்லா, “கண்ணு வச்சுட்டா! சூனியக்காரி!” என்று கத்தினாள்.

“என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா வந்த அன்னிக்கே உங்க நாக்க நிறுத்தியிருப்பேன். வயிறு போனவங்கள விரட்டணும்னா, பெரியவரே, யார மொதல்ல விரட்டப் போறீங்க?”

வர்சமே மறுபடி புதருக்குப் போனார். தீர்ப்பு வரவேயில்லை.

அன்று மாலை மதீனோ தன் தனி மரக்கிண்ணத்தை அடுப்பில் போட்டாள். எல்லோரும் சேர்ந்து உண்ணும் பொதுத் தட்டில் கை வைத்தாள். எப்லா வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டாள்.

மதீனோ நிதானமாகச் சாப்பிட்டாள்.