ஆட்சேபணை இருக்குங்க

எங்கள் தெருவுக்கு ஒரு கமிட்டி உண்டு. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு காவிரிப் படுகையில் இருந்த குடிசைகளை அரசாங்கம் எடுத்துவிட்டது. கரைக்குக் கல் கட்டி, மேலே நடைபாதை போட்டு, சிமெண்ட் பெஞ்சுகள் வைத்து, கரையை ஒட்டி உள்பக்கம் வரிசையாகக் காங்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தது. பண்ணையார் மனையிலிருந்து துரத்தப்பட்ட கூலிக் குடும்பங்கள், பரிசல்காரர்கள், எங்களைப் போலக் கடைத்தெருவில் சில்லறை வியாபாரம் செய்த முஸ்லிம் வீடுகள் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தோம். கமிட்டி மட்டும் இல்லையென்றால் குழாயடியிலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

வீடு கொடுத்தார்களே தவிர பட்டா கொடுக்கவில்லை. ஆட்சி மாறினால் தெருமுனைப் பலகையின் நிறம் மாறும், கொடிக்கம்பம் மாறும். அடுத்த தேர்தலுக்குள் பட்டா என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி கும்பிடு போட்டுச் சொல்வார்கள். நாங்களும் வெட்கமில்லாமல் நம்புவோம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஆற்றின் போக்கில் எங்களுக்குக் கீழே இருந்த ஒரு குடியிருப்பை ஆற்றுப் புறம்போக்கு என்று சொல்லிப் பொக்லைன் வைத்து இடித்துவிட்டார்களாம். ஒரு வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்ததாம், சுவர் அடுப்பின் மேலேயே சாய்ந்ததாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கே நானும் மாமியாரும் கைக்குழந்தையும்தான். இடித்தால் போக வேறு இடம் கிடையாது. போனில் அவர் கேட்டபோது, "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் யாரோ வந்து எங்கள் சுவர்களில் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்றார்கள்.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கரைமேல் எல்லோரையும் கூட்டினார்.

"யாரு வந்து இடத்தைப் பத்திக் கேட்டாலும் நமக்கு ஒரே பேச்சுதான். ஆட்சேபணை இருக்குங்க. அவ்வளவுதான். ஆளாளுக்கு வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும்" என்றார்.

இடிக்க வருகிறவனிடம் அதற்குமேல் என்ன பேசுவது என்று எங்களுக்கும் பட்டது. அந்த வார்த்தை வாயில் படியவேண்டும் என்று வீடு வீடாக வந்து சொல்லவைத்தார். மாமியாருக்கு 'ஆச்சேவணை' என்றுதான் வந்தது. "அதுவே போதும்மா, ரைட்" என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, உச்சி வெயிலில், கரைமேல் ஜீப் வந்து நின்றது. வருவாய் ஆய்வாளர் இறங்கினார். கூட எங்கள் ஊர்த் தலையாரி. தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

"இந்த இடத்துக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?" என்றார் அவர்.

"இருக்குங்க" என்றது தெரு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தாங்க" என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி.

ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். பின்தங்கிய தலையாரி என்னிடம் அடிக்குரலில் சொன்னார். "ஏம்மா, உங்களுக்குப் பட்டா குடுக்கலாமான்னு விசாரிக்க வந்தாரு. ஊரே சேர்ந்து வேணாம்னு சொல்லிட்டீங்களே."

தலைவரிடம் ஓடிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "தலையாரி பேச்சை நம்பலாமா தங்கச்சி? இப்ப ஆட்சேபணை இல்லைன்னு சொல்லி, இடிக்கறதுக்கு நாமளே சம்மதிச்ச மாதிரி ஆயிட்டா?" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. இருக்கிறது என்றால் பட்டா போய்விடும், இல்லை என்றால் ஒருவேளை வீடே போய்விடும். ஜீப் உறுமத் தொடங்கியது.

குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். "சார், நாங்க தெரியாம சொல்லிட்டோம். இடிச்சுடாதீங்க. பட்டா குடுங்க" என்றேன்.

"ஆட்சேபணை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லும்மா."

"எனக்கு அந்த வார்த்தையே வேணாம் சார். நாங்க இங்கேயே இருக்கணும்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போகலாம் என்று கை காட்டினார்.

"பார்ப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். பட்டாவும் வரவில்லை, பொக்லைனும் வரவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வெள்ளையடிக்கும்போது அந்தச் சிவப்பு நம்பரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கிறோம், அதை அழிக்க இந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் இல்லை. என் மகள் நடந்தது, படித்தது, சமைந்தது எல்லாம் அந்த ஒரு 'பார்ப்போம்' என்ற வார்த்தைக்குள்தான். இன்றைக்கும் கரைமேல் ஜீப் சத்தம் கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறேன்.