ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்

பத்தாம் வகுப்பில் இருந்தபோது, நல்லூரிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்ல எங்கள் தெருவில் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லை.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அத்தனையும் வீட்டிலிருந்த அந்த ஒரு பெட்டிக்குள்தான். சைக்கிளுக்கு டியூப் கேட்டாலே ஒரு மாதம் விசாரிக்கிற அப்பா, ஒருநாள் தானாகவே புது ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அதில் தனியாக ஒரு சிஸ்டம் போட வேண்டும், பேட்டர்ன் இரண்டிலும் இருக்க வேண்டும், பழையதற்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றார். என் அருமை ஒருவழியாக வீட்டுக்குத் தெரிந்துவிட்டதென்று பூரித்துப்போனேன்.

பத்திரிகையில் படித்தபடி, பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டுப் புதியதில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டேன். கழற்றிய வயர் குறுக்கே தொங்காமலிருக்கப் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டிவைத்தேன். பிறகு பேட்டர்னை எடுக்கலாமென்று பார்த்தால், பழைய டிஸ்க்கையே காணோம். திரையில் பச்சைப் புல்வெளி மட்டும் குளுகுளுவென்று விரிந்து கிடந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். மறுநாள் கட்டிங், துணியை விரித்துவிட்டு எதை வைத்து வெட்டுவார்கள்? சிவன்மலை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். யாருக்கு மொட்டை என்று சொல்லவில்லை. தம்பிக்கும் முடி இருந்தது. ஓடிப்போவதற்கு மடத்துக்குளம் பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மாவிடமே போய்க் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இந்த வயரை எதுக்குக் கட்டிப்போட்டு வெச்சிருக்கற?"

ஒழுகும் குழாயிலிருந்து ஆடும் கட்டில்கால் வரை எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட்டால் கட்டிவைக்கிற ஊர் இது. நான் போட்ட கட்டு என் கண்ணிலேயே படவில்லை. அவிழ்த்து மாட்டினேன். பழைய டிஸ்க் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றது.

சாயங்காலம் பெரியப்பாவை உட்கார வைத்து வித்தை காட்டினேன். ஆன் செய்து ஒரு பட்டனை அழுத்தினால், எந்த டிஸ்க் வேண்டும் என்று கேட்டது. பேட்டர்ன் இரண்டிலும் இருந்தது.

"கண்ணு, இதுல ஒண்ணை நான் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா, இன்னொண்ணு ஓடுமா?"

"ஜம்முனு ஓடுமுங்க பெரியப்பா. ஒண்ணுக்கு இன்னொண்ணு வேண்டியதே இல்லீங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பெனியைப் பிரித்துக்கொள்ளப் பேசி முடித்துவிட்டதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எப்போதும் நேரே எங்கள் சமையலறைக்குள் போய்த் தானே தண்ணீர் மொண்டு குடிக்கிற பெரியப்பா, அன்று அம்மா கொண்டுவந்து தரும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். என் வித்தையில் மலைத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.