படுதா போட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அத்தை ஆஸ்திரேலியாவில் படித்ததைவிட அங்கே பல்கலைக்கழக அணியில் கிரிக்கெட் ஆடியதுதான் பூதலூர்ப் பக்கம் பெரிய பேச்சு. அப்பாவின் கடைசித் தங்கை அவள். உளுந்து பிடுங்கிய வயலில் தடிப் பையன்களின் பந்தைத் துவைத்தெடுத்து வளர்ந்தவள். படிக்கப் போன இடத்தில் இது என்ன கூத்து என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "அதெல்லாம் அவ பாத்துப்பா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று அப்பா வாயை அடைத்துவிடுவார்.

அன்று தை மாத ஞாயிறு. எங்கள் சம்பா நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தது. எங்கள் முறை இன்னும் வரவில்லை. வானமோ மூடிக்கொண்டு நின்றது. நனைந்த நெல்லை ஈரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் காலையிலேயே குவியலுக்குப் படுதா போட்டுவிட்டுக் குடும்பமே காவல் இருந்தோம். எனக்கு எட்டு வயது. படுதா மேல் சறுக்கி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் காவல்.

அத்தையின் மேட்ச் அப்பாவின் போனில் நேரலையாக வந்தது. அவளுக்குப் படிப்பு முடியப்போகிறது, இது கடைசி ஆட்டம். பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள், நன்றாக ஆடினால் அங்கேயே தங்கி ஆடலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவள் அடித்த அடியில் மூட்டை தூக்க வந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் போனைச் சுற்றி நின்றார்கள்.

பிறகு அங்கே மழை. மைதான ஊழியர்கள் பெரிய படுதாவை இழுத்துவந்தார்கள். மற்ற பெண்கள் உள்ளே ஓட, அத்தை மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஹெல்மெட்டோடு ஓடி ஒரு மூலையைப் பிடித்தாள். இங்கே எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா, எங்க வீட்டுப் பொண்ண. ஒரு சொட்டு உள்ள போவல," என்றார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை விடவில்லை. ஆட்டம் ரத்து என்று திரையில் வந்தது. அப்பா அசரவில்லை. "தரை நனையலல்ல, நாளைக்கு ஆடிட்டுப் போறாங்க," என்றார்.

மத்தியானம் அத்தையே கூப்பிட்டாள்.

"நல்லவேளை, நனையறதுக்குள்ள மூடிட்டீங்க," என்றாள் அம்மா.

"ஆமாண்ணி."

நான் போனைப் பிடுங்கினேன். "அத்தை, உன்ன யாராலயும் அவுட்டாக்க முடியலல்ல?"

"முடியலடி தங்கம்." பிறகு, "அங்க நெல்லு நனையலயே?" என்றாள்.

"இல்ல, இங்க மழையே வரல."

"அப்பாடா," என்றாள்.

ஆட்டம் முடியாததால் கிளப்பிலிருந்து வந்தவர்கள் யாரையும் எடுக்காமல் அன்றே ஊர் திரும்பிவிட்டார்கள். அத்தையும் சில மாதங்களில் திரும்பி வந்து தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு எந்த அணிக்கும் ஆடவில்லை. மூடி வைத்ததை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நெல்லுக்குத்தான் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எங்க அத்தை அவுட்டே ஆகலயாக்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.