பெற்றோர் கூட்டத்தில் விழுந்த குத்து

இன்று மாலை நோர்வேயில், நாங்கள் இருக்கும் புருசெத்தில், மகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இரத்தம் பார்த்தேன்.

தலைமையாசிரியை "குத்" என்றார். நகரசபை காசைக் குறைத்தால் நோர்வேஜிய மொழியில் அதுதான் சொல். அடுத்த வருடம் ஆசிரியர்கள் குறைவார்களாம்.

தவம் அண்ணை எழும்பித் தமிழிலேயே கத்தினார்.

"இந்தப் பள்ளிக்கூடம் சோதனையிலையும் கடைசி. நான் பிள்ளையை வேறை இடத்துக்கு மாத்தப்போறன்."

பக்கத்தில் இருந்த ரஞ்சன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை போனால் பிள்ளைக்குரிய காசும் போகுமெல்லே? உன்னை மாதிரி ஆக்களாலைதான் இஞ்சை குறைக்கிறாங்கள்!"

"வாயை மூடடா, குத்துவன்!"

"குத்தடா பாப்பம்!"

தவம் அண்ணை குத்தினார். ரஞ்சன் அண்ணையின் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். பதிலுக்கு அவர் எறிந்த கதிரை தவம் அண்ணையின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போய் யன்னலை நொறுக்கியது. நானும் இரண்டு சோமாலியத் தகப்பன்மாரும் பாய்ந்து பிரித்தோம். எனக்கும் தாடையில் ஒன்று.

தலைமையாசிரியை என்னிடம் வந்தார்.

"இருவரும் குத், குத் என்றுதானே கத்தினார்கள்?"

"ஓம்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடிபட்டது பிழைதான். ஆனால் இந்தக் குறைப்புக்காக இவ்வளவு கொதித்த பெற்றோரை நான் கண்டதில்லை."

நகரசபைக்கு முன்னால் பேச இருவரையும் ஒன்றாக அனுப்பப் போகிறாராம்.

அது எந்தக் குத்து என்று அவருக்கு யார் விளக்குவது? கையை உயர்த்துங்கள். விரல்களை மடக்காமல்.