ஒரு கோயிலுக்கு இரண்டு தாள்

என் சித்தி யாரையும் எளிதில் நம்பமாட்டார். பால் பாக்கெட்டில் இன்றைய தேதியே இருந்தாலும் முகர்ந்து பார்ப்பார். வீட்டைப் பூட்டி நாலு வீடு தாண்டியபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "கல்யாணப் பதிவுலயே என் கையெழுத்தை ரெண்டு தடவை சரிபார்த்தவ உங்க சித்தி" என்பார் சித்தப்பா. அப்படிப்பட்டவரைத்தான் ஒரு கோயில் கமிட்டியே சந்தேகப்பட்டது.

சித்தி ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பத்தொன்பது வருடமாக வீடும் கடையும் வரைந்தவருக்கு முதன்முறையாக ஒரு கோயில் வந்தது. கமிட்டியில் இரண்டு கட்சி. மரக்கடைக்காரரின் ஆட்களுக்கு, கருவறைக்கு மேலே தளம் தளமாகப் படியேறும் திராவிட விமானம் வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் ஆட்களுக்கு, வளைந்து உள்வாங்கி உச்சியில் குவியும் நாகரச் சிகரம் வேண்டும். யாரும் இறங்கி வருவதாக இல்லை.

இரண்டையும் கலந்து கட்டுகிற வேசரம் என்ற முறையைச் சித்தி எடுத்தார். அதில் தளங்கள் உண்டு. ஆனால் குள்ளமானவை, மேலே போகப் போகச் சுருங்கும். ஒவ்வொரு சுவரின் நடுப்பகுதியும் முன்னால் பிதுங்கி, அந்தப் பிதுக்கம் தளத்துக்குத் தளம் விடாமல் மேலேறும். நேர் எதிரே நின்றால் அது ஒரு பட்டையாக, உள்நோக்கி வளைந்து ஒரே மூச்சில் உச்சிக்குப் போவதுபோல் இருக்கும். மூலையில் நின்றால் பட்டை கண்ணில் படாது, படிகள்தான் தெரியும்.

இங்கேதான் சித்தி தப்பு செய்தார். மரக்கடைக்காரர் தனியாக வந்து கேட்டபோது, மூலையிலிருந்து பார்த்த படத்தைக் கொடுத்தார். வாத்தியார் தனியாக வந்தபோது, நேர் எதிரிலிருந்து பார்த்த படத்தைக் கொடுத்தார். இருவரும் முகம் மலர்ந்து போனார்கள். ஒரே கட்டடம்தானே, இதில் பொய் எங்கே வந்தது என்று வீட்டில் எங்களிடம் சொன்னார். அவர்கள் ரெண்டு பேரும் வழியில் சந்திக்கவே மாட்டார்களா என்று கேட்டார் சித்தப்பா. சித்தி பேச்சை மாற்றினார்.

பஸ் நிறுத்தத்தில் சந்தித்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு தாளும் அலுவலக மேஜைமேல் அருகருகே கிடந்தன.

"இதுல எதும்மா நம்ம கோயில்?" என்றார் மரக்கடைக்காரர்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா."

"ஒண்ணை ரெண்டுன்னு கணக்குல போட்டா நான் முட்டை மார்க் போடுவேன்" என்றார் வாத்தியார், சிரிக்காமல்.

சித்தி எதிராளியோடு ஒத்துப்போய்விட்டுத் தன் கையில் மட்டும் ஒப்புக்கு ஒரு படத்தைக் கொடுத்துவிட்டதாக ஒவ்வொருவரும் நினைத்தார்கள். முதலாளி சித்தியைப் பக்கத்து அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். இன்றைக்கு இவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீ யார் பக்கம்னு எனக்கு மட்டும் சொல்லிடு" என்றார். வேலை போவதைவிட அந்தக் கேள்விதான் வலித்தது என்று சித்தி பின்னால் சொன்னார்.

அட்டையில் முன்பே செய்துவைத்திருந்த கோயில் மாதிரியைச் சித்தி கொண்டுவந்து வைத்தார். அங்கே நின்று பாருங்கள், இங்கே நின்று பாருங்கள் என்று கெஞ்சினார். இருவரும் அசையவில்லை. இதை இன்று காலை அவசரமாகச் செய்தாயா என்று மரக்கடைக்காரர் கேட்டார். சொல்கிற இடத்தில் நின்றால் சொல்கிறபடிதான் தெரியும் என்றார் வாத்தியார்.

"அப்ப அளந்து பாருங்க" என்றார் சித்தி.

மரக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். வாத்தியார் அதை நம்பாமல் தன் ஸ்கேலை எடுத்தார். ஒருவர் அளந்ததை மற்றவர் மறுபடி அளந்தார். மேஜையைச் சுற்றிச் சுற்றி மத்தியானம் இரண்டு மணிவரை அளந்தார்கள். டீ ஆறிப்போனது. மூலைப்பக்கம் குனிந்த வாத்தியார் நெடுநேரம் நிமிரவே இல்லை. அதே நேரத்தில் நேர் எதிரே மரக்கடைக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா அளவுகளும் இரண்டு தாளிலும் எழுதியிருந்தவற்றோடு பொருந்தின.

"அளவை நம்புறேன்" என்றார் வாத்தியார். "உங்களை நம்பல."

"நம்ப வேண்டாம் சார். தனித்தனியா காட்டினது என் தப்புதான்."

கையெழுத்துப் போட்டார்கள். அதன் கீழே ஒரு நிபந்தனையும் எழுதினார்கள்: இனி எந்தப் படத்தையும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்குக் காட்டக்கூடாது. சித்தியின் வேலை தப்பியது. ஆனால் முதலாளி இன்றும், சித்தி வெளியே போனதும் அவருடைய இழுப்பறையைத் திறந்து பார்க்கிறார்.

போன வாரம் மனையில் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டினார்கள். நல்ல காற்று. சித்தி தாளை விரித்ததும் மரக்கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்தார். அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று வாத்தியார் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் விடவில்லை. தாள் பலகைபோல் விறைப்பாக நின்றது.

"கொஞ்சம் கீழே இறக்குங்க" என்றார் சித்தி.

ஒருவரையொருவர் பார்த்தபடியே இருவரும் ஒரே அளவுக்கு இறக்கினார்கள். சித்தி அளவைப் படித்து, கயிறு கட்டுவதற்கான முதல் முளையை அடிக்கச் சொன்னார்.