கேட்டில் கொடுக்காத பத்தியச் சாப்பாடு

"கேட்டுல குடுத்துட்டு வந்துராத. உள்ள போ, முகத்தப் பாரு, அப்புறம் குடு." வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயா அக்கா போட்ட சட்டம் இது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து விற்கும் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கிச்சனைத் தொடங்கியவர். கொண்டோ எனும் வசதியான அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். அந்த லாபத்தில், பண்டமாரானில் வசதியில்லாத தாய்மார்களுக்கு அதே சாப்பாடு இலவசம். நன்கொடை கேட்டு யார் வாசலிலும் நிற்பதில்லை.

கொண்டோ பக்கத்தை 'பேயிங் சைடு' என்போம், பண்டமாரானை 'ஃப்ரீ சைடு'. முகம் பார்க்கும் சட்டம் ஃப்ரீ சைடுக்கு மட்டும்தான். கொண்டோவில் கீழே செக்யூரிட்டி கார்டிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

வேன் ஓட்டுகிறவள் நான். ஜாமில் மாட்டி, வெயிலில் வெந்து, வீடு வீடாக உள்ளே போய்ப் பார்ப்பதென்றால் எரிச்சல்தான் வரும்.

ஒரு நாள் பண்டமாரானில், புதிதாகப் பிள்ளை பெற்றிருந்த கவிதாவின் மாமியார் என்னை வாசலிலேயே மறித்தார். "தீட்டு வீடும்மா, உள்ள வராத. அவளுக்குத் தலைக்குக் காத்து ஏறிடுச்சி. தைலம் தேச்சிப் படுக்க வச்சிருக்கேன். குடு, நானே குடுத்துக்கிறேன் லா."

"ஆன்டி, முகத்த மட்டும் பாத்துட்டு ஓடிடுறேன். பாக்காமப் போனா எங்க அக்கா என்னை வறுத்து எடுத்துரும்."

சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

கவிதாவின் முகம் வீங்கிக் கிடந்தது. "அக்கா, நீங்க ரெண்டு ரெண்டா தெரியறீங்க," என்றாள். உடனே ஜெயா அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, பார்த்ததைச் சொன்னேன்.

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பிரஷர்! இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட மாமியாருக்குத் தீட்டும் தைலமும் மறந்தே போயின. மருமகளைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றியவர் அவர்தான். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதடி தங்கம், என்கிட்ட பேசு," என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும். உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர். கவிதா பிழைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்ததில் ஓர் உயிர் தப்பியது!

அப்புறம்தான் போனைப் பார்த்தேன். கொண்டோவிலிருந்து ஷாலினியின் மெசேஜ் வரிசையாக வந்திருந்தது: "சாப்பாடு எங்க?" பேங்க்கில் பெரிய வேலை பார்க்கும் பெண், முதல் பிரசவம். திட்டு வாங்கத் தயாராகிக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு ஓகேவா அக்கா?"

"ஓகே லா, பயமில்ல."

"என் ஹஸ்பண்ட் அவுட்ஸ்டேஷன். தெனமும் கார்டுதான் சாப்பாடு கொண்டாந்து வச்சிட்டுப் போறான். என் முகத்த யாரும் வந்து பாக்கல அக்கா. நீங்க மேல வரீங்களா?"

போனேன். தலைகூட வாராமல் கதவைத் திறந்தவள், சாப்பாட்டுக்குக் கை நீட்டவில்லை. என் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். கொண்டோவில் இருப்பவளுக்கு என்ன குறை என்று நினைத்திருந்த நான், அவளை உட்கார வைத்துச் சாப்பாட்டைப் பிரித்து வைத்தேன்.

இந்த மாதிரி வேலைக்கு வரும் பிள்ளைகளே, லாபம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுக்கிறவளும் பிள்ளை பெற்றவள்தான்; அவள் முகத்தையும் பாருங்கள்.