நான் வெளியே நின்ற கால்மணி நேரம்

அந்த அறைக்குள் டாக்டரம்மா இருந்தார், நர்ஸ் இருந்தார், என் அம்மா இருந்தாள். நான் இல்லை. இரண்டு வருட வைத்தியத்தில், நான் இல்லாமல் அம்மா ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தது அன்றுதான்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால் ஆஸ்பத்திரி, ஆபீஸ், பேங்க் எதுவானாலும் நான்தான் பேசுவேன். அம்மா பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். "வயித்தால போகுதுங்க" என்பேன். மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். நிற்காது. வேறு டாக்டரிடம் போவோம். அங்கேயும் நானே சொல்வேன்.

முதலில் கண்ணில் பட்டவை சேலைகள். காலையில் நான் எழும்போதே பாறைமேல் மூன்று நான்கு துவைத்து ஈரமாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுச் சித்தி கேட்பாள்: "ஏனக்கா, இத்தன சேலை தொவைக்கறே, உங்கூட்டுல தெனமும் நோம்பி விசேசமா?"

"ஆமா, உனக்கும் ஒரு எலை போடறேன், வந்துரு" என்று அம்மா சிரிப்பாள்.

பிறகு சிரிப்பு நின்றது. பிறகு சாப்பாடு குறைந்தது. மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டுமென்றால் முந்தின மதியமே களியை நிறுத்திவிடுவாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் எழுபது வளைவும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவாள்.

தங்கைக்கு ராசிபுரத்தில் மாசம் நெருங்கியது. "நீ வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள கால் வெக்க மாட்டேன்" என்று போனில் அழுதாள். "வாரேன் கண்ணு" என்ற அம்மா, போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "நான் போகலை சாமி."

அதற்காகத்தான் இந்தப் புது டாக்டரம்மாவிடம் வந்தோம்.

"எத்தனை பிரசவம்மா? வீட்டுலயா?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க, வீட்ல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"தம்பி, வைத்தியம் உங்களுக்கா, அம்மாவுக்கா? கொஞ்சம் வெளிய இருங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் பேச்சு கேட்கவில்லை. ஒருமுறை அம்மா அழுவது மட்டும் கேட்டது.

உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். இது பேதியே இல்லை. மலத்தை அடக்குவதற்கு ஆசனவாயைச் சுற்றி வளையம்போல இருக்கும் தசை, முதல் பிரசவத்திலேயே கிழிந்திருக்கிறது. யாரும் தையல் போடவில்லை. இளம் வயதில் மிச்சத் தசை தாங்கிக்கொண்டது. இப்போது அதுவும் தளர்கிறது.

முதல் பிரசவம் நான். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தசையை இறுக்கற பயிற்சி சொல்லிக் குடுத்திருக்கேன். தைக்க முடியுமான்னு சேலத்துல பாத்துத்தான் சொல்லுவாங்க. முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் முன்னாடியே வாயத் தொறந்திருக்கலாமேம்மா?"

"பெத்த பையன பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?"

அடுத்த வாரமே தங்கைக்கு வலி வந்துவிட்டது. அம்மா போகவில்லை. பெண் குழந்தை என்று மாப்பிள்ளை சொன்னார். மறுநாள் தங்கையே போனில் கூப்பிட்டாள். குழந்தை யார் சாடை என்றுகூட அம்மா கேட்கச் சொல்லவில்லை.

"கிழிஞ்சுதான்னு கேளு சாமி. தையல் போட்டாங்களான்னு..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மிளகுக் கொடிகள் வரைக்கும் நடந்து போனேன்.

பிறகு பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பதிலாக நான் பேசிய இரண்டு வருடத்தில் மாத்திரை, ஸ்கேன், பஸ் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.